ஃபர்ஹீன் சொல்லாமல் விட்ட குறைகள்

ஃபர்ஹீனின் குரலைத் தெரிந்தவர்கள் பல ஆயிரம் பேர் இருந்தார்கள். முகத்தைத் தெரிந்தவர்கள் குறைவு. அவள் பிறந்த சிதம்பரத்தில் ஒரு தெருவும் வேலை பார்த்த பள்ளிக்கூடமும்தான். பகலில் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் பாடம் எடுத்தாள். மற்ற நேரத்தில் வீடியோ கேம்களை ஆடி, அவற்றைப் பற்றித் தமிழில் பேசி, யூடியூபில் போட்டாள். 'ஆடிப் பார்த்தேன்' என்று அந்தச் சேனலுக்குப் பெயர். திரையில் கேம் ஓடும், பின்னால் அவள் குரல் மட்டும் வரும்.

அவள் விமர்சனத்தில் குறைதான் முதலில் வரும். நல்லதை முதலில் சொன்னால் அது உபசாரப் பேச்சு மாதிரி ஆகிவிடும் என்பாள். உலகமே கொண்டாடிய ஒரு பெரிய குதிரைச் சவாரி கேமைப் பற்றி அவள் இப்படித்தான் ஆரம்பித்தாள்: "மலை மலையா ஏறி எறங்கறோம். ஒவ்வொரு மலை மேலயும் அதே கூடாரம், அதே நாலு திருடனுங்க. எடம் இவ்வளவு பெருசா இருக்கு, அதுல செய்யறதுக்குத்தான் ஒண்ணும் இல்ல." திட்டிவிட்டு, கடைசியில் குளிரில் அந்தக் குதிரையின் மூச்சு புகையாகப் போவதைப் பற்றி மட்டும் வெகுநேரம் பேசினாள். கேட்டவர்கள் அந்தக் குதிரையைப் பார்ப்பதற்காகவே கேமை வாங்கினார்கள்.

அப்படிக் கேட்டவர்களில் ஒருவன் ரிஸ்வான். கடலூர் செம்மண்டலத்தில் வீடு. திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷன் பக்கம் லேப்டாப் சர்வீஸ் கடை வைத்திருந்தான். சிதம்பரத்தில் ஒரு பெண் பார்க்கப் போகிறோம் என்று வீட்டார் கூட்டிப் போனபோது, யார் வீடு என்றுகூட அவன் சரியாகக் கேட்டுக்கொள்ளவில்லை. தட்டோடு வந்த பெண் குனிந்தபடி, "டீ எடுத்துக்கங்க, சக்கரை கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கும்" என்றாள்.

ரிஸ்வான் நிமிர்ந்து உட்கார்ந்தான். "நீங்க... ஆடிப் பார்த்தேன்?"

பெரியவர்கள் ஒன்றும் புரியாமல் பார்த்தார்கள். ஃபர்ஹீனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கொண்டுவந்த டீக்கே குறையை முதலில் சொன்ன பெண் என்று அவன் பிறகு எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான்.

கல்யாணம் ஆகிச் செம்மண்டலத்துக்கு வந்தபிறகுதான் அவனும் ஒரு கேம் செய்துகொண்டிருக்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. குமராட்சியில் அவன் அம்மாவின் தங்கை வீடு. பள்ளி விடுமுறைக்கெல்லாம் மினி பஸ்ஸில் அங்கேதான் போவான். ஒரு வருஷம் கொள்ளிடத்தில் தண்ணீர் ஏறி, சாலை முழுகி, பஸ் நடுவழியில் நின்றுவிட்டதாம். அந்த நாள்தான் கேம். ஆடுகிறவர் மினி பஸ் டிரைவர். வெள்ளம் ஏறிக்கொண்டிருக்கிறது. ஊர் ஊராக நிறுத்தி ஆட்களை ஏற்றிச் சிதம்பரம் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். எல்லோரையும் ஏற்ற முடியாது. யாரை ஏற்றுவது, யாரை விடுவது என்பதை டிரைவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

கடை வேலை முடிந்து வந்து, சாப்பிட்டு, அதில் உட்காருவான். அவன் அம்மா ஜொஹரா பீவி, "கல்யாணம் ஆன புள்ள பஸ்ஸு ஓட்டிக்கிட்டு உக்காந்திருக்கு" என்று முணுமுணுப்பார். ஃபர்ஹீனை அவன் பார்க்கவிடவில்லை. "முழுசா முடிச்சிட்டு ஒங்கிட்ட காட்டறேன். நீ ஊருக்குச் சொல்ற மாதிரியே எனக்கும் சொல்லணும். அதுக்குத்தான் காத்துக்கிட்டிருக்கேன்" என்றான்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து வந்து, லேப்டாப்பை அவள் முன்னால் வைத்தான். அவள் ஆட, அவன் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.

குறைகளை அவள் சீக்கிரமே கண்டுகொண்டாள். பஸ் திருப்பத்துக்குத் திருப்பம் வழுக்கிக்கொண்டு போனது. அது மழை ஈரத்தால் வருகிற வழுக்கல் இல்லை, கேமின் கணக்கில் இருந்த தப்பு. ஆரம்பத்தில் படித்துப் படித்துத் தள்ள வேண்டிய எழுத்து மலைபோல் இருந்தது. இஞ்சினில் தண்ணீர் புகுந்தால் முதல் நிறுத்தத்திலிருந்து மறுபடி ஓட்ட வேண்டும். எல்லாவற்றையும்விடப் பெரிய குறை கடைசியில் இருந்தது. யாரை ஏற்றினாலும் யாரை விட்டாலும் முடிவு ஒன்றாகவே வந்தது. இவ்வளவு நேரம் மனசைப் பிசைந்து எடுத்த முடிவெல்லாம் வீண் என்று ஆடுகிறவருக்குத் தெரிந்துபோகும் இடம் அது.

இதில் எதுவும் சரிசெய்ய முடியாத குறை இல்லை. இன்னும் ஒரு வருஷம் உழைத்தால் போதும். அவள் திரும்பிப் பார்த்தாள். ரிஸ்வான் நாற்காலி நுனியில் இருந்தான். கண் முழுக்கச் சிரிப்பு. மாமனார் கண்ணை மூடி மௌத்தானதிலிருந்து அவன் முகத்தில் அவள் அப்படி ஒரு சிரிப்பைப் பார்க்கவில்லை.

"மழ ரொம்ப நல்லாருக்கு மச்சான்" என்றாள்.

"அது இருக்கட்டும். குற சொல்லு."

"பெருசா ஒண்ணுமில்ல."

"நெசமாவா?"

"நெசமா."

அடுத்த வாரம் மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தாள். அடுத்த வாரம் அவன் சிநேகிதர்களுக்கெல்லாம் போன் செய்து, "ஃபர்ஹீனே குற சொல்லலடா!" என்று சொல்லிக்கொண்டிருந்தான். அதற்கடுத்த வாரம் வெளியிடும் தேதியைப் போட்டுவிட்டான். அதற்குப் பிறகு சொல்வதற்கு அவளுக்கு வாய் வரவில்லை. ஆடுகிறவர்களுக்குப் பிடித்தாலும் பிடித்துவிடும், நாம்தான் அதிகம் பார்க்கிறோமோ என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

கேம் வெளியானது. முதல் இரண்டு நாள் சொந்தக்காரர்களும் சிநேகிதர்களும் நல்லதாக எழுதினார்கள். பிறகு முன்பின் தெரியாதவர்கள் ஆட ஆரம்பித்தார்கள். சென்னையில் சார்லஸ் என்று ஒருவர் ஃபர்ஹீனைப் போலவே விமர்சனம் செய்கிறவர். நிதானமான மனிதர், யாரையும் கிண்டல் செய்யமாட்டார். அவருடைய வீடியோவைச் சாப்பாட்டு மேஜையில் வைத்து இருவருமாகப் பார்த்தார்கள். வழுக்கல், எழுத்து, மறுபடி மறுபடி ஓட்டும் சலிப்பு, பொய்யான முடிவுகள் என்று அவர் வரிசையாகச் சொன்னார். "நல்ல எண்ணம். ஆனா யாராவது ஒருத்தர் இத முன்னாடியே ஆடிப் பாத்து, உள்ளத உள்ளபடி இவர்கிட்ட சொல்லியிருக்கணும்" என்று முடித்தார்.

ரிஸ்வான் போனைக் கவிழ்த்து வைத்தான். "அவர் சொல்றது சரிதானா?"

ஃபர்ஹீன் சாப்பாட்டுத் தட்டை ஓரமாக நகர்த்தினாள்.

"ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்பலேந்து?"

"அந்த மொத வெள்ளிக்கெழமலேந்து."

அவன் கத்தியிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவன் மெதுவாகத்தான் பேசினான். "யார் யாருக்கோ சொல்ற. எங்கியோ இருக்கற ஜப்பான்காரனுக்குச் சொல்ற. அவன் ஒன் பேச்சக் கேக்கப் போறதே இல்ல. கேட்டுத் திருத்திக்கறதுக்குன்னு உக்காந்திருந்தவன் நான் ஒருத்தன்தான் ஃபர்ஹீன்."

"நீங்க அவ்வளவு சந்தோசமா இருந்தீங்க மச்சான். என்னால முடியல."

"ஆமா. அந்தச் சந்தோசமும் நெசமில்லன்னு ஆயிடுச்சு."

மறுநாள் மாலை கடையிலிருந்து வந்தவன், மேஜைக்கு எதிரே உட்கார்ந்து, "இப்ப சொல்லு. ஊருக்குச் சொல்ற மாதிரி, முழுசா" என்றான்.

அவள் சொன்னாள். எதையும் விடாமல், குறைகளை முதலில். அவன் மேஜையைப் பார்த்தபடி கேட்டான். ஒரு திருப்பத்தில் பஸ் ஏன் வழுக்குகிறது என்று அவள் சொன்னபோது மட்டும் தலையை ஆட்டிக்கொண்டான். பிறகு நல்லதுக்கு வந்தாள். கேமின் நடுவில் சின்னம்மாள் என்று ஒரு பயணி வருவாள். நடவு வேலைக்குப் போகிற பெண். நனைந்த மூட்டையோடு ஏறுவாள். மற்றவர்களைப் போல அவள் கதை எதுவும் சொல்லமாட்டாள். ஒவ்வொரு நிறுத்தத்திலும், "மணி என்னா ஆவுது?" என்று மட்டும் கேட்பாள். டிரைவர் கண்ணாடியில் பார்த்தால், அவள் விட்டுவந்த சாலையையே திரும்பிப் பார்த்துக்கொண்டிருப்பது தெரியும். யாரை விட்டுவிட்டு வந்தாள் என்று கேம் கடைசிவரை சொல்லாது.

"நான் எத்தனையோ கேம் ஆடியிருக்கேன். கோடி கோடியாப் போட்டு எடுத்தது எல்லாம் ஆடியிருக்கேன். அந்தப் பொம்பள மாதிரி ஒரு ஆள நான் எதுலயும் பாக்கல. அவ எறங்கிப் போனப்புறம் எனக்கு பஸ் ஓட்ட முடியல மச்சான். சார்லஸ் அவளக் கவனிக்கவே இல்ல. யாருமே கவனிக்கல" என்றாள்.

ரிஸ்வான் நாற்காலியில் பின்னால் சாய்ந்தான்.

"இத நான் நம்பட்டுமா?"

"மச்சான்..."

"நம்பணும்னுதான் இருக்கு. முடியல."

அவள் சொன்னதிலேயே மிகப் பெரிய உண்மை அதுதான். அதை நம்பவைக்க அவளிடம் ஒரு வழியும் இல்லை. சத்தியம் செய்யலாமா என்று நினைத்தாள். அன்றைக்கு 'நெசமா' என்று சொன்ன வாயால் எதைச் செய்வது என்று விட்டுவிட்டாள்.

குறைகளைச் சரிசெய்து மறுபடி வெளியிடலாம், நான் கூட இருந்து ஆடிப் பார்க்கிறேன் என்று கெஞ்சினாள். அவன் லேப்டாப்பைத் திறக்கவே இல்லை. கேமை விற்பனையிலிருந்து எடுத்துவிட்டான். கொஞ்ச நாளில் கடையையும் பங்காளியிடம் கொடுத்துவிட்டு, மஸ்கட்டில் மாமா மகன் வைத்திருந்த மொபைல் கடைக்குப் போனான். ஜொஹரா பீவி வாசலில் நின்று அழுதார். அவன் அம்மாவைக் கட்டிப்பிடித்தான். ஃபர்ஹீனிடம், "ஒடம்பப் பாத்துக்க" என்றான்.

போனில் அவன் கோபப்பட்டதே இல்லை. அவள் எதைச் சொன்னாலும் ஒரு சின்ன இடைவெளி விட்டுத்தான் பதில் வரும். "தாடி நல்லாருக்கு" என்பாள். இடைவெளி. "நெசமாவா?" என்பான். "எங்க அத்தாவுக்கு ஒடம்பு தேவலாம்" என்று தன் அப்பாவைப் பற்றிச் சொல்வாள். அதற்கும் அதே கேள்வி. அவன் வேண்டுமென்றே கேட்கவில்லை, வாயில் தானாக வந்தது. அது அவளுக்கும் தெரிந்திருந்தது.

அவன் போனதிலிருந்து நின்றுபோயிருந்த சேனலுக்குத் திரும்ப முயன்றாள். ஆட்கள் அவளைக் காணோமே என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஏதோ ஒரு புது கேமை ஆடி, குறைகளைச் சரளமாகச் சொல்லி முடித்தாள். "இதுல நல்லது என்னான்னா" என்று ஆரம்பித்ததும் குரல் நின்றுவிட்டது. ரிக்கார்டிங்கை அணைத்துவிட்டு, மைக்கைக் கழற்றி அலமாரியில் வைத்தாள்.

இரண்டாவது வருஷம் விடுமுறைக்குக்கூட அவன் வரவில்லை. ஒருநாள் அவனே கூப்பிட்டுப் பேசினான். "ஒம்மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல ஃபர்ஹீன். அல்லா மேல ஆணையாச் சொல்றேன். ஆனா ஒன் கொரலக் கேட்டா நான் தோத்ததுதான் ஞாபகம் வருது. இப்படியே ஒன்ன எனக்காக உக்கார வெக்கறது பாவம். பிரிஞ்சிடலாம்." அந்தக் குரலைக் கேட்டுத்தான் அவன் அவளைக் கண்டுபிடித்தான் என்பதை இருவருமே அப்போது சொல்லிக்கொள்ளவில்லை.

பள்ளிவாசல் ஜமாத்தில் பெரியவர்கள் குழம்பிப்போனார்கள். "கை நீட்டினானாம்மா?" என்று கேட்டார்கள். இல்லை என்றாள். "குடி, கூத்து?" அதுவும் இல்லை. "வேற என்னா?" என்றார்கள். அவன் ஒரு விளையாட்டுச் செய்தான், அது சரியில்லை, அதை நான் சொல்லவில்லை என்று எப்படிச் சொல்வது? "ஒத்துவரல" என்று மட்டும் சொன்னாள். ரிஸ்வானும் போனில் அதையே சொன்னான்.

அவள் அத்தா அபுல் ஹசன் சிதம்பரத்தில் ஃபேன்சி கடை வைத்திருப்பவர். மகளை வீட்டுக்கு அழைத்துவந்து, அவரிடம் மட்டும் அவள் எல்லாவற்றையும் சொன்ன பிறகு, ஒரு நாள் பொறுக்கமுடியாமல் கேட்டார்: "நீ அன்னிக்கே சொல்லியிருந்தா மட்டும் அவன் தாங்கியிருப்பானாம்மா?"

"தாங்கியிருப்பாரு அத்தா. ரெண்டு நாள் மூஞ்சத் தூக்கி வச்சிக்கிட்டு இருந்திருப்பாரு. அப்புறம் உக்காந்து திருத்தியிருப்பாரு. அதான் எனக்கு ஆறவே மாட்டேங்குது."

கடைசிக் கையெழுத்துக்கு ரிஸ்வான் கடலூர் வந்திருந்தான். இளைத்திருந்தான். எல்லாம் முடிந்து அத்தா உள்ளே பெரியவர்களிடம் சொல்லிக்கொண்டிருக்க, இருவரும் பள்ளிவாசல் அலுவலகத்துக்கு வெளியே வேப்பமர நிழலில் நின்றார்கள்.

"இப்ப என்னா ஆடிக்கிட்டிருக்க?" என்றான்.

"ஒரு சின்ன கேம். கலங்கரை விளக்குல தனியா வேல பாக்கற ஒரு ஆளு."

"எப்படி இருக்கு?"

"படிக்கட்டு ஏறியே உசுரு போவுது. தெனம் அதே படி. வெளிச்சம் சரியா விழல, எண்ணெய் எங்க இருக்குன்னு தேடிக் கண்ணு வலிக்குது" என்றாள். பிறகு, கடலில் தூரத்தில் போகிற ஒரு கப்பல் தினமும் ஒருமுறை ஹாரன் அடிக்கும், அது தனக்குத்தான் அடிக்கிறது என்று அந்த ஆள் மெல்ல மெல்ல நம்ப ஆரம்பிப்பான், அது நிஜமா இல்லையா என்று கேம் சொல்லாது என்றாள். பேசப் பேச அவள் கைகள் காற்றில் கப்பலை வரைந்தன. அவன் இடையில் ஒரு கேள்வி கேட்டான். அவள் பதில் சொன்னாள். இன்னொன்று கேட்டான். இருவரும் அந்த ஹாரனை எங்கே வைத்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும் என்று வாதாடினார்கள். ஒரு கட்டத்தில் அவன் சிரித்தேவிட்டான்.

அப்போது வெளியே வந்த அத்தா, அந்தச் சிரிப்பைக் கேட்டு வாசலிலேயே நின்றார். ரிஸ்வான் சிரிப்பை நிறுத்திக்கொண்டான். "வர்றேன் மாமா" என்று அவருக்கு ஸலாம் சொல்லிவிட்டு, அவளைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனான்.

சிதம்பரம் பஸ்ஸில் அப்பாவும் மகளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். முதுநகர் தாண்டியபிறகு அபுல் ஹசன் கேட்டார்: "அவ்வளவு நேரம் என்னாம்மா பேசிக்கிட்டிருந்தீங்க?"

"கேமப் பத்திதான் அத்தா."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆலப்பாக்கம் வருவதற்குள் அழுதுவிட்டார். ஃபர்ஹீன் தன் துப்பட்டா நுனியை அவரிடம் கொடுத்துவிட்டு, அவர் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.