இடது பக்கம் வந்த பந்து

செங்கம் சாலையில் நான் காலைக் காப்பிக்குப் போகும் கடைக்கு நான்கைந்து இளைஞர்கள் தவறாமல் வருகிறார்கள். எல்லோருக்கும் ஒரே நிறச் சட்டை; முதுகில் யாரோ ஒரு வெள்ளைக்காரனின் பெயர். போன வாரம் அவர்கள் துக்க வீட்டுக்கு வந்தவர்கள்போல உட்கார்ந்திருந்தார்கள். விசாரித்தேன். கடல் தாண்டி எங்கோ இருக்கிற அவர்களுடைய கால்பந்துக் கிளப், இன்னும் மீசை சரியாக முளைக்காத ஒரு தடுப்பாட்டக்காரனை வெளியே விட்டுவிட்டதாம்.

"ஒப்பந்தம் முடிஞ்சிருக்கும். புதுப்பிக்காம விட்டிருப்பாங்க. சாதாரண நடைமுறைதானே?" என்றேன்.

"அப்படி இல்ல சார். இதுல என்னமோ இருக்கு" என்றான் ஒருவன். "கோச்சுக்கும் அவனுக்கும் ஆவல. மேலருந்து யாரோ சொல்லியிருக்கான்."

மேலே இருப்பவனை இவன் பார்த்ததில்லை. அந்தப் பையனையும் கைப்பேசியில் பார்த்ததோடு சரி. ஆனாலும் அவன் குரலில் இருந்த உறுதி எனக்குப் பழக்கமானது. 'இதுல என்னமோ இருக்கு' என்ற வாக்கியத்தை நான் முதலில் கேட்டது பத்து வயதில், என் சித்தப்பாவின் வாயிலிருந்து. அன்றைக்கும் ஒரு கிளப். அன்றைக்கும் வெளியே விடப்பட்டவன் ஒரு தடுப்பாட்டக்காரன்.

சித்தப்பா எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு, அரசாங்கம் தன்னைத் தேடி வரும் என்று காத்திருந்தவர். அதுவரை பொழுதைப் போக்க ஊரின் கால்பந்துக் கிளப்பைத் தத்தெடுத்திருந்தார். ஆடத் தெரியாது. ஆனால் கோட்டுக்கு வெளியே நின்று அவர் கொடுக்கும் யோசனைகளைக் கேட்டால், உள்ளே ஆடும் பதினொரு பேரும் தவறுதலாக அனுப்பப்பட்டவர்கள் என்று தோன்றும். என்னையும் எல்லா ஆட்டத்துக்கும் அழைத்துப் போவார். கைதட்ட ஒரு ஜோடிக் கை கூடுதலாகக் கிடைக்குமே.

கிளப்பின் செயலாளர் சைக்கிள் கடை பாய். வாடகைக்குச் சைக்கிள் விடுவார், பஞ்சர் ஒட்டுவார், காற்றடிப்பார். பந்துக்குக் காற்றடிப்பதும் அவர்தான் என்பதால் அவர் செயலாளர் ஆனார் என்று நினைக்கிறேன். அதைவிடக் குறைந்த தகுதியோடு பதவிக்கு வந்தவர்களின் கீழ் நான் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்திருக்கிறேன்.

இடது பக்கத் தடுப்பில், லெஃப்ட் பேக்காக ஆடியவனை ஊரே 'குடுமி' என்று கூப்பிட்டது. ஒரு சின்ன ஈசுவரன் கோயில் குருக்களின் பிள்ளை. பத்தொன்பது வயது. தலையால் பந்தை முட்டும்போது குடுமி அவிழ்ந்து பறக்கும். எதிரணிக்காரன் ஒரு கணம் அதை வேடிக்கை பார்ப்பான். அதற்குள் பந்து போய்விடும். குருக்களுக்குப் பிள்ளை ஆடுவதில் விருப்பமில்லை. ஆனால் அவர் பிடிவாதமாகத் தடுத்ததாகவும் தெரியவில்லை. மாலைப் பூஜைக்குள் குளித்துவிட்டு வந்துவிட வேண்டும் என்பது மட்டும்தான் கட்டளை.

கார்த்திகைக்கு முந்தைய ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆரணி அணியோடு ஆட்டம். கடைசி நிமிஷங்களில் ஆரணிக்காரன் ஒருவன் ஓரக்கோட்டை ஒட்டிப் பந்தை உருட்டிக்கொண்டு வந்தான். குடுமிக்கு இடது பக்கம், கையை நீட்டினால் தொடும் தூரம். குடுமி அசையவில்லை. நேராக முன்னால் பார்த்துக்கொண்டு, பேருந்துக்குக் காத்திருப்பவன்போல நின்றான். பந்து அவனைக் கடந்து வலைக்குள் போய்ச் சேர்ந்த பிறகுதான் திரும்பினான். தோற்றோம். மறுநாள் பாய் கடை திறக்கவில்லை. அதற்கு அடுத்த நாள் கடை திறந்ததும் அவர் சொன்ன முதல் செய்தி, குடுமி இனிமேல் கிளப்பில் இல்லை என்பது.

காரணம் சொல்லவில்லை. அதுதான் அவர் செய்த தப்பு. ஒருவரை நீக்கும்போது பொய்யாகவாவது ஒரு காரணம் சொல்லிவிட வேண்டும் என்பது நிர்வாகத்தின் பாலபாடம். காலியாக விட்ட இடத்தில் ஊர் எழுதத் தொடங்கிவிடும்.

எழுதத் தொடங்கியது. பாயின் தங்கையை ஆரணியில் கொடுத்திருக்கிறது, ஆகவே சம்பந்தி வீட்டுக்காக ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார் என்றது ஒரு கட்சி. குடுமியே ஆரணிக்குப் போகப் பார்க்கிறான், அதனால்தான் பந்தை விட்டான் என்றது இன்னொரு கட்சி. "பாய்க்கு ஐயமாரு பையன் கண்ணுல உறுத்திக்கினே இருந்தான்" என்று தையற்காரர் குரலைத் தாழ்த்திச் சொன்னார். அந்த ஊசி யாருக்கும் வலிக்காததுபோல எல்லோரும் தலையாட்டினார்கள். சித்தப்பா மூன்று கட்சிகளிலும் உறுப்பினர்.

அந்த நாட்களில் புதிதாக ஒருவன் எங்கள் கூட்டத்தில் வந்து நிற்க ஆரம்பித்தான். குடுமியின் பெரியப்பா மகன். அதற்குமுன் மைதானத்தின் பக்கமே வராதவன். வெற்றிலை போட்டுக்கொண்டு, மிகவும் இனிமையாக எல்லோரிடமும் ஒரே கேள்வி கேட்டான். "பாவம், தம்பிக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா? அடி ஏதாச்சும் பட்டுடுச்சா?"

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். எனக்கே இது தெரிய வந்தது மிகவும் பிற்பாடு. கோயிலைத் தன் மகனிடம் ஒப்படைத்துவிட்டு, இனி இழக்க ஒன்றுமில்லை என்றான பிறகு அந்தக் குடுமியே என்னிடம் சொன்னது. ஆரணி ஆட்டத்துக்கு முன்பு ஒருநாள் பயிற்சியில் பந்து அவன் முகத்தில் விழுந்திருக்கிறது. வீக்கம் வற்றியது. கண் பார்க்க அழகாகவே இருந்தது. ஆனால் இடது கண்ணில் பார்வை இல்லை. அதை யாரிடமும் சொல்லாமல் ஆடியிருக்கிறான். உடற்குறை உள்ளவன் சுவாமியைத் தொடக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். கல்யாணமாகி, தீட்சை வாங்கி, அப்பாவின் பூஜை முறையை அவன் ஏற்க வேண்டும். கண் போன செய்தி வெளியே வந்தால் முறை பெரியப்பா வீட்டுக்குப் போகும். அந்தக் கோயிலைத் தவிர அவன் வீட்டுக்கு வேறு பிழைப்பு இல்லை. பாய் இதை ஆரணி ஆட்டத்தில் கண்டுபிடித்துவிட்டார். இன்னொரு பந்து வலது கண்ணில் விழுந்தால் என்ன ஆவது? 'நீயா ஆட்டத்த வுட்டு நின்னுக்கோடா' என்று கெஞ்சியிருக்கிறார். பையன் மாட்டேன் என்றான். ஆகவே அவர் பெயரை அடித்துவிட்டார்.

இது எதுவும் எங்களுக்குத் தெரியாது. தெரியாததால்தான் நாங்கள் அவ்வளவு தெளிவாக இருந்தோம்.

ஒரு சாயங்காலம் சித்தப்பாவின் தலைமையில் ஒரு கூட்டம் பாய் கடைக்குப் போனது. நானும் போனேன். பெரியப்பா மகனும் வெற்றிலையோடு வந்தான். முறைப்படி பொதுக்குழு கூட்டி விளக்கம் கேட்டிருக்க வேண்டும். அதற்கெல்லாம் பொறுமை இருந்தால் அவர்கள் ஏன் ரசிகர்களாக இருக்கப் போகிறார்கள்?

பாய் ஒரு டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா பாய், குடுமிய ஏன் தொரத்துனீங்க? ஊருக்குப் பதில் சொல்லுங்க" என்றார் சித்தப்பா.

"ஆட்டம் சரியில்லப்பா. போங்க, வேலை இருக்குது."

"அவன் ஆட்டமா சரியில்ல? போன வருஷம் பூரா அவன தாண்டி ஒருத்தன் வந்தானா?"

"சங்கதி வேற மாதிரின்னு பேசிக்கிறாங்க பாய்" என்றார் தையற்காரர். "எந்தத் தெருப் பையன், எந்தத் தெரு செக்ரட்டரின்னு..."

பாய் டியூபைக் கீழே வைத்தார். முகம் சிவந்தது. அவர் பேசாதது சித்தப்பாவுக்கு வேகத்தைக் கொடுத்துவிட்டது. கையை ஓங்கிக் கூட்டத்தைப் பார்த்துக் கத்தினார்.

"அப்ப அந்தப் பந்த ஏன் வுட்டான்? பக்கத்துலயே வருது, மரம் மாதிரி நிக்கிறான். கண்ணு தெரியலயா அவனுக்கு? இன்னா, குருடனா அவன்?"

எல்லோரும் சிரித்தார்கள். பெரியப்பா மகன் மட்டும் சிரிக்கவில்லை. வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தினான். "ஆமா இல்ல?" என்று மெதுவாகச் சொன்னான். "நம்ம தம்பி இப்பல்லாம் எடது பக்கம் கூப்பிட்டா திரும்பறதே இல்ல."

பாய் எழுந்தார். ஈரக் கையைக் கைலியில் துடைத்துக்கொண்டார்.

"வுடச் சொன்னவன் நான்" என்றார்.

கூட்டம் அடங்கிவிட்டது.

"நான்தான் சொன்னேன். ஆரணில நமக்கு வேண்டப்பட்டவங்க இருக்காங்க. ஒரு கோலு வுட்டுக்குடுறான்னேன். சின்னப் பையன், தட்ட முடியாம வுட்டுட்டான். அடுத்த நாளு வந்து என்னாண்ட ஒரே சண்டை. இனிமே செய்ய மாட்டேன், ஊர்ல சொல்லிடுவேன்றான். அதான் வெளிய அனுப்புனேன். போதுமா? அவன் கண்ணுலயும் கோளாறு இல்ல, கால்லயும் கோளாறு இல்ல. கோளாறு எங்கிட்டதான்."

இதைச் சொல்லும்போது அவர் சித்தப்பாவைப் பார்க்கவில்லை, பெரியப்பா மகனையே பார்த்தார். அவன் வெற்றிலையைச் சாக்கடையில் துப்பிவிட்டு, நடந்தான். அதன்பின் எங்கள் கூட்டத்துக்கு அவன் வரவே இல்லை.

ஒப்புக்கொண்டவனைக் குறுக்கு விசாரணை செய்யக் கூடாது என்று எந்த விதியும் கிடையாது. அப்படி வேண்டியவர்களுக்காகத் தோற்றவர் மறுநாள் கடையைத் திறக்காமல் ஏன் படுத்துக் கிடந்தார் என்று ஒருவர் கேட்டிருந்தால் போதும். யாரும் கேட்கவில்லை. சந்தேகப்பட்டது உண்மையாகிவிட்டால் மனிதர்களுக்கு ஏற்படுகிற நிம்மதி பெரிது. சித்தப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டார். "நான் அன்னிக்கே சொன்னன் இல்ல? இதுல என்னமோ இருக்குன்னு!"

குடுமி அன்றிலிருந்து ஊரின் சத்தியவான் ஆனான். பாயின் செயலாளர் பதவி போனது. அதோடு விடவில்லை. அவர் கடையில் யாரும் சைக்கிள் எடுக்கக் கூடாது, காற்றுகூட அடிக்கக் கூடாது என்று ரசிகர்கள் முடிவெடுத்தார்கள். கட்டுப்பாட்டை மீறி யார் போகிறார்கள் என்று பார்க்க எதிரிலிருந்த பொரிகடலைக் கடை வாசலில் ஆள் நிறுத்தப்பட்டது. பள்ளிக்கூடம் விட்ட பிறகு அந்த ஆள் நான். ஒரு கை பொரியைத் தின்றுகொண்டு உளவு பார்ப்பது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பாய் வரிசையாகச் சைக்கிள்களைத் துடைத்து நிறுத்துவார். யாரும் எடுக்க மாட்டார்கள். மறுபடி துடைப்பார்.

குடுமிக்குக் கல்யாணம் நிச்சயமான வாரம் ஒருநாள், குருக்கள் அந்தக் கடைக்கு வந்தார். தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு உள்ளே ஏறினார். நான் பொரியை மெல்லுவதை நிறுத்தினேன்.

"காத்தடிக்கணும் பாய்" என்றார் குருக்கள்.

பாய் அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "வண்டி எங்க சாமி?"

குருக்களும் திரும்பிப் பார்த்தார். வண்டி இல்லை. அவருக்கு வண்டி எப்போதுமே கிடையாது. சைக்கிள் விடவே தெரியாதவர். மேல்துண்டின் முனையை முறுக்கிக்கொண்டே நின்றார்.

"சரி, அதுக்கின்னா சாமி" என்றார் பாய். பம்பை எடுத்து வைத்து, குழாயின் முனையை எதிலும் மாட்டாமல், நாலு தடவை இழுத்து இழுத்து அமுக்கினார். புஸ் புஸ் என்று வெறும் காற்று போயிற்று. குருக்கள் அசையாமல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இரண்டு கைகளையும் கூப்பினார். "அய்யய்ய, இன்னா சாமி இது, எறக்குங்க கைய" என்று பாய் பதறினார். குருக்கள் இறங்கிப் போய்விட்டார்.

இதைவிடச் சிறந்த உளவுச் செய்தி எனக்கு ஆயுளில் கிடைத்ததில்லை. வீட்டுக்கு ஓடினேன். சைக்கிளே இல்லாமல் காற்றடிக்க வந்த குருக்களை நடித்துக் காட்டினேன். பம்பின் சத்தத்தையும் சேர்த்துக்கொண்டேன். அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "இன்னும் ஒருவாட்டி செய்டா" என்று சித்தப்பா கேட்டு வாங்கி ரசித்தார். தாலுகா ஆபீசிலிருந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்த அப்பா மட்டும் சிரிக்கவில்லை.

"கும்பிட்டாரா?" என்று கேட்டார்.

"ஆமாப்பா, ரெண்டு கையாலயும்."

அப்பா பாதி கழற்றிய சட்டையை மறுபடி மாட்டிக்கொண்டார். வாசலில் நின்ற சைக்கிளை ஸ்டாண்டிலிருந்து எடுத்தார். "எங்கண்ணா கிளம்பிட்ட?" என்றார் சித்தப்பா.

"பாய் கடைக்கு. வண்டில காத்து கம்மியா இருக்குது."

சித்தப்பாவின் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது. "அங்க போவக் கூடாதுன்னு முடிவு பண்ணியிருக்கோம்ணா. ஊர்ல இன்னா பேசுவாங்க?"

அப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தெருவில் இறங்கினார். நான் பின்னாலேயே ஓடிப்போய், பின்சக்கரத்தை விரலால் அமுக்கிப் பார்த்தேன். கருங்கல் மாதிரி இருந்தது. "காத்து ஜாஸ்தியாவே இருக்குதுப்பா" என்று கத்தினேன். அப்பா கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. அத்தனை வருஷம் சைக்கிள் ஓட்டியும் டயரில் காற்று இருக்கிறதா என்று பார்க்கத் தெரியாதவரா என் அப்பா என்று எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இதைச் சித்தப்பாவின் ஆட்கள் பார்ப்பதற்குள் அவர் திரும்பிவிட வேண்டுமே என்று தெருமுனை வரைக்கும் வேண்டிக்கொண்டே போனேன்.