ஊசிக் கொட்டகையும் ஒரு பொய்யும்

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்களில் ஒரு ஆடிப்பூரம். சேத்தூர்ப் பக்கத்திலிருந்து எங்கள் ஊர்க்காரர்கள் பத்துப் பேர் இரண்டு மாட்டு வண்டிகளில் ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேருக்குப் புறப்பட்டோம். வேடிக்கை பார்க்க அல்ல, வடம் பிடிக்க. நாச்சியார் தேர் லேசில் அசையாது. அதில் எங்கள் ஆட்களும் கை வைப்பது அப்பா காலத்திலிருந்தே வழக்கம். அந்த வருஷம் என் தங்கை புருஷனும் முதல் தடவையாக வந்தார். கல்யாணமாகி மூன்று வருஷம். ஒரு பெண் குழந்தை.

அப்போது சுற்றுவட்டாரமெல்லாம் காலரா. ராஜபாளையம் தாண்டி, ஸ்ரீவில்லிபுத்தூர் எல்லைக்கு வந்தபோது சாலையின் குறுக்கே மூங்கில் கட்டியிருந்தார்கள். ஓரத்தில் ஒரு கீற்றுக் கொட்டகை. சுகாதாரக்காரர்கள் அங்கே உட்கார்ந்து, வருகிறவர்களுக்கெல்லாம் ஊசி போட்டுச் சீட்டுக் கொடுத்தார்கள். சீட்டு இல்லாமல் யாரும் உள்ளே போக முடியாது.

வலிக்காக நாங்கள் ஊசிக்குப் பயப்படவில்லை. போட்டால் தோள் வீங்கி இரண்டு நாளைக்குக் கையைத் தூக்க முடியாது என்று, முன்பு போட்டுக்கொண்டவர்கள் சொல்லியிருந்தார்கள். கையைத் தூக்க முடியாதவன் வடத்தை எப்படி இழுப்பான்?

மாப்பிள்ளை மட்டும் வண்டியை விட்டு இறங்கிச் சட்டைக் கையைச் சுருட்டினார்.

"நான் போட்டுக்கிடுதேன் மச்சான். ஊசி போடாம உள்ள போவக்கூடாதுன்னு உங்க தங்கச்சி சொல்லித்தான் விட்டுருக்கா."

"வடம் பிடிக்க வந்தீகளா, கையைத் தூளி கட்டித் தொங்கப்போட வந்தீகளா?" என்றேன் நான்.

வண்டியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். "வீட்டம்மா உத்தரவுல்லா! மீற முடியுமா?" என்று ஒருவர் எடுத்துக் கொடுத்தார்.

"தாயாரைப் பாக்க வாரவனுக்கு ஊசி எதுக்கு மாப்ளே? அவ பாத்துக்கிட மாட்டாளா?" என்று அதற்கு மேலும் சொன்னேன்.

அவர் முகம் சுண்டிப்போயிற்று. சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார்.

வண்டிகளைக் கொஞ்சம் பின்னுக்கு ஓட்டி நிறுத்திவிட்டு, கொட்டகையைச் சுற்றிக்கொண்டு வயல் வரப்பு வழியாக அத்தனை பேரையும் நான்தான் முன்னே நடந்து கூட்டிப்போனேன். வெயிலில் நாக்கு வறண்டது. வழியில் ஒரு ஊருணி. எல்லோரும் இறங்கி வயிறாரக் குடித்தோம். அந்த ஊருணித் தண்ணீரைத் தொடக்கூடாது என்று கொட்டகையில் ஒவ்வொருவருக்கும் சொல்லி அனுப்பினார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. சுற்றி வந்த எங்களுக்குச் சொல்ல ஆள் இல்லை.

தேர் இழுத்தோம். மாப்பிள்ளைக்கும் அன்று சந்தோஷம்தான். உள்ளங்கை கன்றிச் சிவந்திருந்ததைக் காட்டிச் சிரித்தார்.

ஊர் திரும்பிய இரண்டாம் நாள் அவருக்கு வாந்திபேதி கண்டது. ராஜபாளையத்திலிருந்து டாக்டர் வருவதற்குள் கண் குழிந்து ஆள் பாதியாகிவிட்டார். மறுநாள் பொழுது சாய்வதற்குள் முடிந்துபோயிற்று. அதே தண்ணீரைக் குடித்த எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

காரியங்கள் எல்லாம் முடிந்து வீடு ஓய்ந்த பிறகு தங்கை என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அண்ணே, அவிய ஊசி போட்டுக்கிட்டாவளா?"

"போட்டுக்கிட்டாரும்மா" என்றேன்.

"அப்பம் விதிதான்" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கூட வந்தவர்களும் உண்மையை வெளியே சொல்லவில்லை. எல்லோரும் சேர்ந்துதானே சிரித்தோம்! அன்றிலிருந்து காலையில் நாமம் இட்டுக்கொண்டு தாயார் படத்துக்கு முன்னால் நின்றால், எனக்கு ஒரு வார்த்தை வராது.

கொஞ்ச நாளில் ஊசி போடுகிறவர்கள் எங்கள் ஊருக்கே வந்தார்கள். பள்ளிக்கூடத்து வாசலில் மேஜை போட்டுக் காத்திருந்தார்கள். யாரும் கிட்டே போகவில்லை.

"ஊசி போட்ட மனுசனே போய்ச் சேந்துட்டாரு. பொறவு எங்களுக்கு என்னத்துக்குங்கேன்?" என்று ஒரு பெண்பிள்ளை சத்தமாகக் கேட்டாள்.

"ஆமாய்யா, என் வீட்டுலதான்" என்று ஊசி போடுகிறவரைப் பார்த்துச் சொன்னாள் என் தங்கை. குழந்தையை இடுப்பில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினாள். அதற்குள் கீழத் தெருவிலும் இரண்டு பேருக்கு வாந்திபேதி கண்டிருந்தது.

ஓடிப்போய் அவள் முன்னால் நின்றேன்.

"நான் பொய் சொல்லிட்டேன் தாயி. அவரு ஊசி போடலை. போட விடாம கூட்டிட்டுப் போனது நான்தான்."

அவள் என்னையே பார்த்தாள்.

"போட்டுக்கிடுதேன்னு சொன்னாவளா?"

"சொன்னாரு."

அவள் திரும்பி நடந்தாள். மேஜைக்குப் போய்க் குழந்தையின் கையை நீட்டினாள். பிறகு தன் கையையும் நீட்டினாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்தார்கள். நான் கடைசியில் நின்று போட்டுக்கொண்டேன்.

அன்று கொட்டகையில் போட்டிருந்தாலும் உடனே பலன் கிடைத்திருக்கும் என்று சொல்ல முடியாது என்றார், ஊசி போட்டவர். எனக்கு ஆறுதலாகத்தான் சொன்னார். என் மனசு அதைப் பிடித்துக்கொள்ளவில்லை.

தங்கை என்னை வெறுத்து ஒதுக்கவில்லை. நல்லது கெட்டதுக்கு வருகிறாள், என் வீட்டில் கை நனைக்கிறாள். ஆனால் நான் எதைச் சொன்னாலும், சின்ன விஷயமாக இருந்தாலும், "நெசமாத்தானா அண்ணே?" என்று ஒரு தடவை கேட்டுக்கொள்கிறாள். கேலி பேசி ஒரு நல்ல மனிதரைத் தடுத்தது அறியாமல் செய்த பாவம் என்று தாயாரிடம் அழுதுவிடலாம். அறிந்தே சொன்ன பொய்க்கு, தங்கையின் அந்தக் கேள்வியைத் தலைகுனிந்து கேட்டுக்கொள்வதைத் தவிர எனக்கு வேறு பிராயச்சித்தம் தெரியவில்லை.