இல்லாத மருந்து

ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு ஆமை என்று பட்டப்பெயர். தொட்டிக்குள் ரசாயனங்கள் கலக்கும்போது சூடு எப்படி ஏறும் என்று முன்கூட்டியே சொல்லும் கணினி நிரல் அவளுடையது. நேரத்தைப் பொடிப்பொடியாக நறுக்கி, ஒவ்வொரு துணுக்குக்கும் கணக்குப் போடுவதால் விடை வர ஒரு வாரம் ஆகும். பதறாத காரியம் சிதறாது என்பாள்.

அவள் தங்கையின் கணவனோ துணுக்குகளைப் பெரிதாக்கி, அதே கணக்கை ஒரே மதியத்தில் முடித்துவிட்டான். அவனை இங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டதே அவள்தான். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை. தலைவர் அவன் தோளில் தட்டினார். ஆமையின் நிரலை இந்த மாதத்தோடு நிறுத்திவிடலாம் என்றார். அவளுக்கு வயிறு எரிந்தது. எரியாமல் என்ன செய்யும்? அவளுடைய பாதி ஆயுள் அந்த நிரலில் இருந்தது.

வன்மத்தோடு அவன் நிரலை வரிவரியாகப் படித்தாள். சிக்கியது. சூட்டை அடக்கப் போடும் மருந்து, துணுக்கு பெரிதானதால், இருப்பதைவிட அதிகமாகச் செலவாகி, கணக்கில் பூஜ்ஜியத்துக்கும் கீழே போனது. கீழே போனால் பூஜ்ஜியம் என்று வைத்துக்கொள் என ஒரு வரி எழுதி அவன் அதை மூடியிருந்தான். அதாவது, இல்லாத மருந்து சூட்டை அடக்கிக்கொண்டிருந்தது. கணக்கில் தொட்டி குளிர்ந்தே இருக்கும், நிஜத்தில் வெடிக்கும்.

அன்றே சொல்லியிருக்கலாம். சொன்னால் சத்தமில்லாமல் திருத்தி நல்ல பேர் வாங்கிக்கொள்வான். எல்லாரும் கூடும் மாதக் கூட்டத்தில்தான் அவன் மானத்தை வாங்க வேண்டும். காத்திருந்தாள். நடுவில் தங்கை வீட்டுக்குப் போய்ச் சிரித்துப் பேசிச் சாப்பிட்டும் வந்தாள்.

கூட்டத்தில் அந்த வரியைத் திரையில் போட்டு, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாள். அவன் முகம் வெளுத்தது. போனை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினான்.

"பாத்தீங்களா, பதில் இல்ல," என்றாள்.

தலைவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இத எப்ப கண்டுபிடிச்சீங்க?"

"மாசம் பொறந்ததுமே."

"அந்தக் கணக்க நம்பித் தொழிற்சாலையில நேத்து தொட்டிய ஓட்ட ஆரம்பிச்சிட்டாங்க," என்றார் அவர். "அந்த வரியில ஆபத்து இருக்குன்னு அவருக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்."

நடைக்கூடத்தில் தங்கை கணவன் போனில் கெஞ்சிக்கொண்டிருந்தான். "தப்பு என்னோடதுதான் சார். என்னை அப்புறம் திட்டுங்க, மொதல்ல எல்லாரையும் வெளிய அனுப்புங்க."

பாதித் தப்பு தன்னுடையது என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.