மெரூன் துண்டு

'கோர்' என்ற ஆங்கிலச் சொல்லை முதலில் அம்மா வாயிலிருந்துதான் கேட்டேன். ஆஸ்டின் டவுனில் எங்கள் வீட்டு முன்னறையில் மெஷின் போட்டு, சர்ச்சுக்குப் போகும் பெண்களுக்கு ஸ்கர்ட்டும் கவுனும் தைப்பவர் அவர். துணியை விரித்துக் காட்ட இடையில் கொடுக்கும் முக்கோணத் துண்டுக்கு அந்தப் பெயர். "ஆறு கோர் வெச்சா போதும்மா, எட்டுன்னா துணி நெறைய இழுக்கும்" என்பார். கல்லூரியில் அகராதியைப் புரட்டியபோதுதான், கொட்டிக் கிடக்கும் ரத்தத்துக்கும் மாடு கொம்பால் குத்திக் கிழிப்பதற்கும் அதே சொல் என்று தெரிந்தது. அம்மாவிடம் சொன்னேன். "வெள்ளக்காரனுக்கு வேற வார்த்தையே கெடைக்கலையா?" என்று சிரித்தார்.

பிறகு அந்தச் சொல்தான் எனக்குச் சோறு போட்டது. ஜனங்கள் இணையத்தில் ஏற்றும் வீடியோக்களில் எது இருக்கலாம், எதை நீக்க வேண்டும் என்று பார்த்துச் சொல்லும் வேலை. நான் தமிழ்ப் பிரிவில் இருந்தேன். ரத்தமோ குடலோ வெளியே தெரிந்தால் 'கோர்' என்று குறித்து நீக்க வேண்டும். தெரியாவிட்டால் விட்டுவிடலாம். ஆள் செத்தானா பிழைத்தானா என்பது எங்கள் கவலை இல்லை. டிபன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டே அதையெல்லாம் பார்க்கப் பழகியிருந்தேன். அதில் எனக்குப் பெருமை வேறு. வெட்கக்கேடு.

தம்பி அப்போது கொஞ்சம் பெருத்திருந்தான். அவனுக்குப் பிடித்த நீலக் கட்டம் போட்ட சட்டை வயிற்றில் பிடித்தது. அம்மா இரண்டு பக்கமும் பிரித்து, பாடகர் குழு அங்கியில் மிஞ்சிய மெரூன் துணியில் பக்கத்துக்கொரு கோர் வைத்தார். "சர்க்கஸ்காரன் மாதிரி இருக்கடா" என்றேன். "இது ஸ்டைலு அக்கா, உனக்கு என்ன தெரியும்" என்றான். ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, சந்தாபுராவில் நண்பன் வீட்டுக்குப் போவதாகச் சொல்லி அதையே போட்டுக்கொண்டு கிளம்பினான். இஸ்திரி போட்டுக் கொடுத்தவள் நான்.

அன்று மதியம் எருது விடும் விழா வீடியோ ஒன்று என் திரையில் வந்தது. மாடு ஒருவனைத் தூக்கி எறிகிறது. அவன் குப்புற விழுகிறான், கூட்டம் சூழ்ந்துகொள்கிறது. விலாவில் ஏதோ கருஞ்சிவப்பாகத் தெரிந்தது. ரத்தமாக இருந்தால் நீக்க வேண்டுமே என்று நிறுத்தி, பெரிதாக்கிப் பார்த்தேன். ஓரம் நேராக, முக்கோணமாக இருந்தது. துணிதான். 'இருக்கலாம்' என்று அழுத்திவிட்டு அடுத்ததற்குப் போனேன்.

நாலு மணிக்குத் தம்பியின் நண்பன் போன் செய்தான். சந்தாபுராவிலிருந்து மாநில பார்டர் தாண்டி மாடு பார்க்கப் போனார்களாம். கொம்பு வயிற்றில் ஏறியிருந்தது. நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது அவன் உயிரோடு இல்லை.

அடக்கம் முடிந்த வாரமே அந்த வீடியோ உறவுக்காரர்களின் போன்களில் சுற்ற ஆரம்பித்தது. யாரோ ஒரு புண்ணியவதி, "பாவம் பாருங்க" என்று அம்மாவுக்கே அனுப்பினாள். அம்மா முகத்தைத் தேடவில்லை. சட்டையைப் பார்த்தார், அவ்வளவுதான்.

"அந்தப் பாழாப்போனத எடுக்கச் சொல்லுடி. ஒன் வேலையே அதானே?"

புகார் கொடுத்தேன். ஏற்கெனவே பரிசீலித்தாயிற்று, விதிமீறல் இல்லை என்று பதில் வந்தது. அலுவலகத்தில் பதிவைத் திறந்து பார்த்தால் பரிசீலித்தவர் எண் என்னுடையது. டீம் லீடரிடம் போய் அழுதேன். "சாரி. ஆனா பாலிசி படி நீங்க கரெக்ட்டாதானே பண்ணியிருக்கீங்க?" என்றான். அந்த வாரம் என் வேலையில் ஒரு பிழையும் இல்லையாம். அந்த வேலையை மறுநாளே விட்டேன். வீடியோ இன்னும் இருக்கிறது.

அம்மா விடவில்லை. மெஷினில் உட்கார்ந்தபடி தினம் அதே கேள்விதான்.

"எந்தக் கண்ணில்லாதவன் அதப் பார்த்துட்டு விட்டு வெச்சானாம்?"

ஒருநாள் என்னால் முடியவில்லை. "நான்தாம்மா பார்த்தேன்" என்றேன்.

மெஷின் நின்றது.

"செவப்பா இருந்துச்சு. பெருசு பண்ணிப் பார்த்தேம்மா. ரத்தம் இல்ல, துணிதான்னு..."

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். கையில் பாதி தைத்த பாவாடை இருந்தது.

"துணிதான் தெரிஞ்சுதாடி ஒனக்கு?"