பாஸாகாவிட்டால் கல்யாணம் என்றார்கள், சுடலைமாடனிடம் சண்டைக்குப் போனேன்

பத்தாம் வகுப்பு முடிவு வந்த அன்று என் வீட்டில் அடுப்பு எரியவில்லை. மகள் இசக்கி கணக்கில் மட்டும் ஃபெயில். அவள் அப்பா போலீஸ்காரர். குற்றாலத்தில் சீசன் டூட்டி பார்த்து ஊரையே அதட்டிப் பழகிய வாய். “திரும்ப எழுதட்டும். அதுலயும் போச்சுன்னா பொண்ணு கேட்டு வந்த அச்சன்புதூர் மாப்பிள்ளைக்குக் கட்டிக் குடுத்துருவேன்” என்றார். பதினாறு வயசுப் பிள்ளை. சட்டம் தெரிந்தவர் பேசுகிற பேச்சா இது என்று கேட்டேன். என் கன்னத்தில் அறை விழுந்தது.

அவளைக் கவிழ்த்தது இருபடிச் சார்பு. சமன்பாடு, அட்டவணை, வரைபடம் மூன்றையும் மூன்று வேறு கணக்கென்று நினைத்துத் தனித்தனியாக மனப்பாடம் செய்திருக்கிறாள். பரீட்சையில் எல்லாம் குழம்பிவிட்டது. சாப்பாட்டை விட்டாள். என்னோடு பேசுவதையும் விட்டாள்.

வைகாசியில் இலத்தூரில் எங்கள் குலசாமி சுடலைமாடனுக்குக் கொடைத் திருவிழா. அவளையும் இழுத்துக்கொண்டு போனேன். கும்பிட இல்லை. சண்டை போட. சாமி என்று நாங்கள் கும்பிடும் மண் பீடத்தின் முன்னால் நின்று கத்தினேன்.

“ஏலே மாடா, கண்ணு அவிஞ்சு போச்சா? வருசா வருசம் கெடா வாங்கித் திங்கியே, எம்புள்ளயக் காப்பாத்தத் துப்பில்லையா?”

“மெல்ல மைனி, சாமி குத்தம் ஆயிரும்” என்றாள் பக்கத்தில் நின்றவள்.

“ஆவட்டும். இதுக்கு மேல என்ன குத்தம்?”

வில்லுப்பாட்டு உச்சத்தில் இருந்தது. சாமியாடி தீப்பந்தத்தோடு ஆடிக்கொண்டு வந்தார். இசக்கி என் கையைப் பிடித்தாள்.

“எம்மா, இந்தப் பீடமும் மாடன்தான?”

“ஆமாட்டி.”

“ஆடுத மாமாவும்?”

“பின்ன யாரு?”

“வில்லுல பாடுதாகளே, அதும் மாடன்தான?”

“எல்லாம் ஒருத்தன்தாம்ட்டி. கும்பிடு.”

அவள் கும்பிடவில்லை. குனிந்து மண்ணில் விரலால் எழுதினாள். y = x² − 4x + 3. பக்கத்தில் எண்களாக ஓர் அட்டவணை. அதற்கும் பக்கத்தில் கிண்ணம் மாதிரி ஒரு வளைவு.

“காரணிப்படுத்துனா ஒண்ணு, மூணு. அட்டவணையிலயும் அங்கனதான் பூச்சியம். வளைவும் அங்கனதான் கோட்ட வெட்டுது. மூணும் ஒண்ணுதாம்மா!”

சொல்லிவிட்டு ஓவென்று அழுதாள். கணக்கு எனக்குப் புரியவில்லை. நான் கத்தியது மாடன் காதில் விழுந்துவிட்டது என்று மட்டும் புரிந்தது.

துணைத்தேர்வில் பாஸ். பிளஸ் ஒன்னில் கணக்குப் பிரிவே கேட்டு வாங்கினாள். அச்சன்புதூர் பேச்சு நின்றது. அவள் அப்பா இன்னும் என்னிடம் முகம் கொடுப்பதில்லை. போகட்டும். எனக்கும் இப்போது பயமில்லை.

பிள்ளைக்குக் கேடு வந்தால் மூலையில் உட்கார்ந்து அழாதீர்கள். நேரே போய் மாடனைக் கேளுங்கள். நம்மை அவன் ஆள் என்று நம்பித்தானே திட்டுகிறோம்? மரியாதையை அவன் பார்க்க மாட்டான். பிள்ளையைப் பார்ப்பான்.