நரகத்தைச் சுற்றிக்காட்டிய தலைவர்

ஏழு வயதுப் பெண்ணைக் காணவில்லை என்று அவள் அம்மா எங்கள் வாசலில் வந்து நின்றபோது, அவள் எங்கே போயிருப்பாள் என்பது எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். நான் சொல்லவில்லை. தட்டிலிருந்த உப்புமாவைத் தின்று முடித்தேன். இதை வெளியில் விடாமலே முப்பது வருஷமாக நல்ல மனிதன் என்று பெயர் வாங்கியிருக்கிறேன்.

அப்போது எனக்குப் பதினான்கு வயது. நெய்வேலியில் குவார்ட்டர்ஸ்களில் சுண்ணாம்பு வாசனை போகாத காலம். எங்கள் வேதக்கோயில் ஒரு தகரக் கொட்டகை. வாலிபர் சங்கத் தலைவராக இருந்த அண்ணனுக்கு ஷிப்ட் மாறிவிட்டதால், சின்னப் பிள்ளைகளின் ஞாயிறு வகுப்பை உபதேசியார் என்னிடம் ஒப்படைத்தார். வசனங்களை மூச்சுவிடாமல் ஒப்பிப்பேன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி இல்லை. பிள்ளைகள் அதை முதல் வாரமே கண்டுபிடித்துவிட்டார்கள். ஜெபத்துக்கு நான் கண்ணை மூடித் திறப்பதற்குள் பாதிக் கொட்டகை காலியாகிவிடும்.

பிள்ளைகளை அன்பால் இழுக்க வேண்டும் என்றார் உபதேசியார். அன்பு மெதுவாக வேலை செய்கிற சாமான். எனக்கோ அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் பலன் தேவைப்பட்டது.

ஆகவே அவர்களை வரிசையாக நடத்தி, திறந்தவெளிச் சுரங்கம் தெரிகிற மண்மேட்டுக்குக் கூட்டிப்போனேன். பழுப்பு நிலக்கரி காற்றுப் பட்டால் தானாகவே கனல ஆரம்பிக்கும். அன்றும் அடியில் ஓரிடம் புகைந்துகொண்டிருந்தது. புகைக்குள் கடுகளவில் ஆட்கள் நடமாடினார்கள்.

“அதான் நரகம். கோயிலுக்கு வராதவங்க எல்லாம் கடைசியில அங்கதான்” என்றேன்.

திரும்பும் வழியில் ஒரு பிள்ளைகூட வரிசை கலையவில்லை. வரிசையில் இருந்த அந்த ஏழு வயதுப் பெண்ணின் அப்பா சுரங்கத்தில் மண் வெட்டுபவர். கோயில் பக்கமே வராதவர். எனக்கு அது தெரியும். ‘வராதவங்க’ என்றபோது அவள் முகத்தைத்தான் பார்த்தேன், பயம் சரியாகப் பிடித்திருக்கிறதா என்று. பிடித்திருந்தது. என்னைத் தலைவன் என்று நானே ஒப்புக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு, நரகத்தில் வேகிற பணக்காரன் நாக்கை நனைக்க ஒரு சொட்டுத் தண்ணீருக்குக் கெஞ்சிய கதையை உருக்கமாகச் சொன்னேன். வகுப்பு முடிந்து ஒரு மணி நேரத்தில் அவள் அம்மா வந்துவிட்டார்.

“வூட்டுக்கு இன்னும் வரலீங்க. தம்பி, ஒங்கிட்ட எதுனா சொன்னுச்சா?”

இல்லை என்று தலையாட்டினேன். அப்பா அந்த அம்மாவோடு கடைத்தெருப் பக்கம் தேடப் போனார். அதற்கப்புறம்தான் சுரங்கத்தில் வெடி வைக்குமுன் ஊதுகிற சங்கு கேட்டது. அப்பாவின் சைக்கிளை எடுத்தேன். சீட்டில் உட்கார்ந்தால் கால் எட்டாது, நின்றபடியே மிதித்தேன். வழியெல்லாம் ஜெபம் செய்தேன். அவள் கிடைக்க வேண்டும் என்றும், நான் சொல்லித்தான் போனாள் என்பது யாருக்கும் தெரியக்கூடாது என்றும். இரண்டில் எதை முதலில் கேட்டேன் என்பதை இங்கே எழுதப்போவதில்லை.

மேட்டின் விளிம்பில் அவள் நின்றிருந்தாள். கையில் ஒரு தம்ளர். பாதித் தண்ணீர் வழியிலேயே சிந்தியிருந்தது. கீழே இறங்குகிற வழியை என்னிடமே கேட்டாள்.

“அப்பாவுக்கு நாக்கு காஞ்சிருக்கும்ணா.”

அவள் சொல்லி முடிக்கவில்லை, வெடி வெடித்தது. அவள் காலடி மண் பொலபொலவென்று உள்ளே சரிந்தது. பாவாடையோடு சேர்த்து இழுத்துப் பின்னால் விழுந்தேன். தம்ளர் உருண்டு உருண்டு கண்ணுக்குத் தெரியாத ஆழத்துக்குப் போனது. அது அடியில் விழுந்த சத்தம் கேட்கவே இல்லை. அவள் தண்ணீர் கொட்டிவிட்டதே என்று அழுதாள். நான் எதற்கென்று தெரியாமல் அவளைவிடச் சத்தமாக அழுதேன்.

மறுநாள் காலை, அவள் சொல்லி விஷயம் தெரிந்த அப்பா என் காதைப் பிடித்து அவர்கள் வீட்டுக்கு அழைத்துப்போய், நரகத்தைக் காட்டியதை என் வாயாலேயே சொல்லவைத்தார். தெரிந்தே உப்புமா தின்றதை மட்டும் நான் விட்டுவிட்டேன். அவள் அப்பா மகளை மடியில் வைத்துக்கொண்டு, நகக்கண்ணில் இருந்த கரியைக் குச்சியால் நோண்டியபடி கேட்டுக்கொண்டிருந்தார். அறை விழும் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். ஏன் விழவில்லை என்பதும், அவர் பேசி முடித்ததும் என் அப்பா ஏன் சிரிக்காமல் தரையைப் பார்த்தார் என்பதும் அப்போது எனக்குப் புரியவில்லை.

அவர் கேட்டது இவ்வளவுதான்: “இங்க இன்னும் கான்ட்ராக்ட்டுலதான் ஓடிகினு இருக்கு தம்பி. நரகத்துலயாச்சும் பர்மனெண்ட் பண்ணுவாங்களா?”