கீறல் விழாத வண்டி

ஓடைப்பட்டியில் பாண்டீஸ்வரனைத் தெரியாத திராட்சைத் தோட்டம் கிடையாது. பந்தல் கம்பி தொய்ந்தால் அவனைக் கூப்பிடுவார்கள். சொட்டுநீர்க் குழாய் வெடித்தாலும் அவன்தான். மோட்டார் தண்ணீர் இழுக்காவிட்டாலும் முதல் போன் அவனுக்கே வரும். அது என் வேலை இல்லையப்பா என்று சொல்லிப் பார்த்திருக்கிறான், யார் காதில் விழுகிறது? காலை ஐந்தேகாலுக்குத் தொடங்கும் போன், இரவு சோற்றில் கைவைக்கும்போதும் ஓயாது. வயது முப்பத்தொன்பதுதான். கண்ணைப் பார்த்தால் ஐம்பது என்று சொல்லத் தோன்றும்.

பன்னிரண்டு வருடமாக ஒரே பைக். இருநூறு சிசி, கறுப்பு நிறம். விடியும் முன் கம்பிச் சுருளைப் பின்னால் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போவான். ஏழேமுக்காலுக்குத் திரும்பி வந்து மனைவி தேவயானியை ஏற்றிக்கொண்டு சின்னமனூர் பஸ் நிலையத்தில் விடுவான். அவளுக்குத் தேனி கடைவீதியில் ஒரு துணிக்கடையில் வேலை. காலை ஒன்பது முதல் இரவு எட்டு வரை நின்றுகொண்டே சேலை பிரித்துக் காட்டவேண்டும். அவளை இறக்கிவிட்டதும் அவன் காமயகவுண்டன்பட்டி வரை சுற்றுவான். இரவு மறுபடி அதே பஸ் நிலையத்தில் போய் நிற்பான். அந்த வண்டி படுத்தால் இரண்டு பேர் பிழைப்பும் சேர்ந்து படுத்துவிடும்.

இப்பேர்ப்பட்டவனுக்கு ரேஸ் ஓட்டுகிற இடத்தில் என்ன வேலை என்று ஊரில் கேட்காதவர்கள் இல்லை. வருடத்தில் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயம்புத்தூர் பக்கம் இருக்கும் ஓட்டத்தடத்துக்குப் போவான். ‘ட்ராக் டே’ என்று அதற்குப் பெயர். போட்டி கிடையாது, கோப்பையும் கிடையாது. அவரவர் வண்டியை அவரவர் இஷ்டத்துக்கு இருபது இருபது நிமிடமாக நாலு தடவை ஓட்டிவிட்டு வரலாம், அவ்வளவுதான். தேனியில் செல்போன் கடை வைத்திருக்கும் வினோத்ராஜ் தன் பெரிய வண்டியோடு இவன் வண்டியையும் சேர்த்து லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போவான்.

முதல் வருடம் போனபோது நடந்த கூத்தைச் சொல்லவேண்டும். நம் பக்கத்தில் புது வண்டி வாங்கினால் முதல் காரியமாக முன்னால் இரும்பு கார்டு மாட்டி, அதில் தேங்காய்நார்க் கயிற்றை நெருக்கிச் சுற்றிவிடுவார்கள். விழுந்தால் கயிறு தேயும், கால் தப்பிக்கும். பாண்டீஸ்வரனும் கயிற்றைப் புதிதாகச் சுற்றிக்கொண்டு பெருமையாகப் போய் நின்றான். வண்டியைச் சோதிக்கிறவர் பார்த்துவிட்டுச் சிரித்தார். இங்கே விழுகிற வேகத்தில் இந்த இரும்பு தாரில் குத்தி வண்டியையே குட்டிக்கரணம் போட வைக்கும், கழற்று என்றார். கழற்றிவிட்டு வேறொன்றும் மாட்டாமல் ஓட்டினான். மூன்றாவது சுற்றில் வண்டியோடு விழுந்தான். எஞ்சின் மூடி உடைந்து ஆயில் முழுக்கத் தரையில் போயிற்று.

வண்டி மூன்று வாரம் பட்டறையில் கிடந்தது. அந்த மூன்று வாரமும் தேவயானி இருட்டில் கிளம்பி மெயின் ரோடு வரைக்கும் நடந்தாள். இரண்டு நாள் தாமதமாகிக் கடை வாசலில் எல்லோர் முன்னாலும் நிற்கவைக்கப்பட்டாள். அவள் சத்தம் போடவில்லை. நாலாவது ஞாயிற்றுக்கிழமை அவனைக் கருப்பசாமி கோயிலுக்கு அழைத்துப்போய் ஒரு கட்டிச் சூடத்தை ஏற்றிவைத்தாள். எரிகிற சூடத்தை வலது உள்ளங்கையால் அடித்து அணைத்தால் அதற்குமேல் சத்தியம் கிடையாது. “வண்டியில இன்னொரு கீறல் விழுந்துச்சுன்னா அந்தத் திசையிலயே தலவச்சுப் படுக்க மாட்டேன்” என்று அவனே வாயைக் கொடுத்து, அடித்து அணைத்தான்.

அன்றிலிருந்து வருடத்தில் அந்த ஒரு நாள் வேண்டுமென்றால் வண்டியில் கீறல் விழக்கூடாது. மற்ற முன்னூற்று அறுபத்துநாலு நாளையும் அவன் அந்த நாளை வைத்துத்தான் தள்ளிக்கொண்டிருந்தான். இதை யாரிடமும் சொன்னதில்லை, சொன்னால் பைத்தியம் என்பார்கள்.

ஆகவே வண்டிக்குக் காப்பு கட்ட உட்கார்ந்தான். சின்னமனூர் லேத்தில் தடித்த நைலான் உருளையைக் காளான் மாதிரி கடைந்து வாங்கி, எஞ்சினைப் பிடித்திருக்கும் போல்ட்டில் இரண்டு பக்கமும் மாட்டினான். வண்டி சாய்ந்தால் முதலில் அந்தக் குமிழ்தான் தரையைத் தொட்டு வழுக்கும். சக்கர அச்சின் முனைகளிலும் அதேபோல் சின்னக் குமிழ்கள். எஞ்சின் மூடிக்கு மேல் இன்னொரு தடித்த மூடி. ஆயில் போல்ட் கழன்றுவிடாமல் இருக்கத் தலையில் ஓட்டை போட்டு, திராட்சைப் பந்தலுக்கு முறுக்குகிற கம்பியையே மெல்லிசாக எடுத்து முறுக்கிக் கட்டினான். கடை கடையாகத் தேடினாலும் அப்படி முறுக்கு வராது, அவன் கைக்கு அது தண்ணீர் பட்ட பாடு. பிரேக் பிடியை ரொம்ப இறுக்காமல் விட்டான், அடிபட்டால் ஒடியாமல் திரும்பிக்கொள்ளும். கண்ணாடி, இண்டிகேட்டர், வண்டியின் பக்கவாட்டை மூடும் நல்ல பலகை எல்லாவற்றையும் கழற்றிச் சாக்கில் கட்டிக் கையோடு எடுத்துக்கொண்டு, பழைய பலகைகளை மாட்டினான். டேங்க்கின் மேல் சைக்கிள் டியூபைக் கிழித்து ஒட்டினான். போன வருடம் ஒரு கீறல் இல்லாமல் வந்தான். இந்த வருடமும் அதே ஏற்பாடு.

தனக்கு என்று எதுவும் செய்துகொள்ளவில்லை. போட்டுக்கொள்ள வேண்டிய தோல் உடுப்பு வினோத்ராஜின் அண்ணனுடையது. அந்த மனிதர் உடம்பு இரட்டை நாடி. தோளில் இருக்கவேண்டிய காப்புத் தட்டு இவனுக்கு முழங்கைப் பக்கம் தொங்கியது. வேறு வாடகைக்கு எடுத்துக்கொள் என்று வினோத்ராஜ் சொன்னதை, நாளெல்லாமா ஓட்டப்போகிறேன் என்று தட்டிக் கழித்தான்.

மூன்றாம் முறை ஓடும்போது வலது வளைவில் பின்சக்கரம் வழுக்கியது. வண்டி வலப்பக்கமாகச் சாய்ந்து, குமிழ்மேல் ஏறி, பனம்பாயில் இழுத்த மாதிரி வழுக்கிக்கொண்டே போய்ப் புல்லில் நின்றது. பாண்டீஸ்வரனும் வலது தோளில் விழுந்து பின்னாலேயே உருண்டான். எழுந்தவன் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் ஓடியது வண்டியிடம். குமிழ் பாதி தேய்ந்திருந்தது. பழைய பலகையில் சிராய்ப்பு. வேறெங்கும் ஒன்றுமில்லை. அங்கேயே உட்கார்ந்து சாமிக்கு நன்றி சொன்னான். குமிழும் பழைய பலகையும் வண்டியோடு வந்ததில்லை, நான் மாட்டியது, அது வண்டியில் சேராது என்று கருப்பசாமியிடம் கணக்கையும் தீர்த்துக்கொண்டான். அப்புறம்தான் வலது கை மேலே வரவில்லை என்று தெரிந்தது.

அங்கிருந்த டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, தோள்பட்டை எலும்பில் விரிசல் இருக்கும்போல, எக்ஸ்ரே எடுத்துப் பார் என்று சொல்லிக் கையைத் துணியில் தொங்கப் போட்டார். மாற்றுக்குக் கொண்டுவந்த புதுக் குமிழையும் சாக்கிலிருந்த நல்ல பலகைகளையும் வினோத்ராஜே மாட்டிக் கொடுத்தான். நேரே ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று வழியெல்லாம் கெஞ்சினான். பாண்டீஸ்வரன் கேட்கவில்லை. தேனி தாண்டியதும் கழுத்துத் துணியை அவிழ்த்துப் பாக்கெட்டில் திணித்துக்கொண்டான்.

தேவயானி வாசலிலேயே டார்ச்சோடு நின்றாள். வண்டியைச் சுற்றி வந்து, குனிந்து, விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, வருடத்தில் என்றைக்கோ சிரிக்கிற சிரிப்பைச் சிரித்தாள். அசதியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு அவன் சாப்பிடாமலே சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான். அவன் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை.

திங்கட்கிழமை ஐந்தேகாலுக்குப் போன் அடித்தது. எடுக்க வலது கையை நீட்டியவன் தன்னையறியாமல் முனகிவிட்டான். தேவயானி விளக்கைப் போட்டாள். சட்டைப் பித்தானைக் கழற்றிப் பார்த்தாள். தோள் வீங்கிக் கத்தரிக்காய் நிறத்தில் கிடந்தது.

“வண்டில ஒண்ணும் இல்லையே” என்றான் அவன்.

“வண்டிய மட்டும்தான சத்தியத்துல சொன்னோம். ஒங்களையும் சேக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல பாருங்க” என்றாள்.

“வேணும்னா இன்னொரு தடவ சூடத்த அடிக்கிறேன்.”

“எந்தக் கையால?”

பழைய சேலையைக் கிழித்து அவன் கையைக் கழுத்தோடு கட்டினாள். கடைக்குப் போன் செய்து லீவு கேட்டு, திட்டு வாங்கிக்கொண்டாள். அவன் போனை அணைத்துத் தலையணைக்கு அடியில் வைத்தாள். வண்டியை ஓட்ட அவளுக்குத் தெரியாது. தேனி ஆஸ்பத்திரிக்குப் போக இருவரும் மெயின் ரோட்டுக்கு நடந்தார்கள். ஒவ்வொரு அடிக்கும் எலும்பு உள்ளே உரசியது.

பஸ்ஸுக்காக நிற்கும்போது அவள் கேட்டாள், கோபமில்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். “அப்பிடி என்னதான் இருக்கு அங்கன?”

யாரிடமும் சொல்லாததை அவன் சொன்னான். “அங்கன எதுக்க யாருமே வரமாட்டாக, தேவயானி. லாரி கெடையாது, ஆடு மாடு கெடையாது. போனு கையில இருக்காது. இருவது நிமிசத்துக்கு எங்கிட்ட எவுகளும் எதையும் கேக்க மாட்டாக.”

அவள் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் செருப்பின் குதிகால் இரண்டு பக்கமும் தேய்ந்திருந்தது. வண்டியில் தேய்ந்ததை மாற்ற எத்தனை குமிழ் கடைந்து வைத்தோம் என்று அவனுக்கு நினைப்பு வந்தது, வெட்கமாக இருந்தது.

“எனக்கு அப்பிடி எங்கன இருக்குங்க?” என்று கேட்டாள்.

அதற்குள் தேனி பஸ் வந்துவிட்டது.

உள்ளே நல்ல கூட்டம். கட்டுப் போட்ட கையைப் பார்த்து ஒரு கிழவர் நகர்ந்து உட்கார்ந்தார். தேவயானி அவன் தோள் இடிபடாமல் ஜன்னலோரமாக உட்காரவைத்துவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டாள். தேனி வரைக்கும் அவள் நின்றுகொண்டேதான் வந்தாள்.